மாடல் போர் விமானத்துக்குப் பெரிய இன்ஜின்: பலமா, பாரமா?

ரேடியோ கன்ட்ரோல் விமானம் பறக்கவிடுபவர்களிடம் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. ‘இன்ஜின் பெருசா இருந்தா என்ன, த்ராட்டிலைக் குறைச்சுக்கிட்டா போச்சு!’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், மஸ்டாங், ஸ்பிட்ஃபயர் போன்ற இரண்டாம் உலகப் போர் விமானங்களின் மாடல்களில் இந்தக் கணக்கு உதைக்கிறது. த்ராட்டிலால் வேகத்தைக் குறைக்கலாம்; எடையைக் குறைக்க முடியாது.

‘60 சைஸ்’ மாடல் என்றால் 0.60 கன அங்குல, அதாவது சுமார் 10 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கானது. அதில் 20 சிசி இன்ஜினை மாட்டினால் இன்ஜின் எடை மட்டுமா கூடும்? பெரிய டேங்க், பெரிய புரொப்பெல்லர், அது தரையில் இடிக்காமலிருக்க உயரமான லேண்டிங் கியர், அதிர்வைத் தாங்க பலப்படுத்திய முன்பகுதி என்று செலவும் எடையும் ஏறிக்கொண்டே போகும். மூக்கு கனத்துவிட்டதா? வாலில் ஈயம் வை! எடையைச் சமாளிக்க இன்னொரு எடை.

இறக்கை மட்டும் பழைய அளவுதான். மொத்த எடை 20% கூடினால், இறக்கையால் விமானத்தைத் தாங்க முடிகிற குறைந்தபட்ச வேகம் (ஸ்டால் வேகம்) ஏறக்குறைய 10% கூடிவிடும். அந்த வேகத்தில் வந்து மோதினால் தாக்கும் ஆற்றல் 44% அதிகம். அதோடு, இந்த வகை இறக்கைகள் நுனியை நோக்கிக் குறுகுபவை. வேகம் குறையும்போது நுனி முதலில் பிடி விட்டு, விமானம் சட்டென்று ஒரு பக்கம் கவிழலாம். உயரத்தில் என்றால் மீட்டுவிடலாம். இறங்கும்போது நடந்தால் பொறுக்கி எடுக்க சாக்குப்பைதான். நொறுங்குவது பால்சா மரம் என்றால் பணத்தோடு போகும். களத்தோரம் ஆள் நின்றால்?

புறப்படும்போதும் வம்புதான். த்ராட்டிலை ஒரேயடியாகத் திறந்தால் விமானம் இடது பக்கம் இழுக்கும். மெதுவாக ஓடும்போது அதை அடக்கும் பலம் வால் சுக்கானுக்கு இருக்காது. நிஜ மஸ்டாங்கிலும் இதே தொல்லை இருந்தது.

‘நிஜத்துலயே பெரிய இன்ஜின் வெச்சாங்களே?’ என்று கேட்பார்கள். வைத்தார்கள். 27 லிட்டர் மெர்லின் இருந்த ஸ்பிட்ஃபயருக்கு 36.7 லிட்டர் கிரிஃபன் வந்தது. ஆனால், அப்படி உருவான மார்க் 14-ல் மூக்கு நீண்டது, வால் பெரிதானது, புரொப்பெல்லருக்கு 5 இதழ்கள் வந்தன. கிரிஃபன் எதிர்த்திசையில் சுழன்றதால் விமானம் வலது பக்கம் இழுத்தது; மெர்லினுக்குப் பழகிய விமானிகளின் கால்கள் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை.

பெரிய இன்ஜின் நியாயமாகிற இடங்களும் உண்டு. ஜப்பானின் ஜீரோ, ஜெர்மனியின் ஃபோக்கெ வுல்ஃப் 190 போன்றவை குட்டை மூக்குக்காரர்கள். அளவு பிசகாமல் செய்த மாடலில் வால் கனத்து, மூக்கில் ஈயம் திணிக்க வேண்டிவரும். சும்மா கிடக்கிற ஈயத்துக்குப் பதிலாக அதே எடைக்கு வேலை செய்கிற இன்ஜினை வைப்பதில் தப்பே இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக் கதையும் வேறு. 0.60 டூ ஸ்ட்ரோக் இருக்கும் இடத்தில் 0.90 ஃபோர் ஸ்ட்ரோக் வைப்பது வழக்கம்தான். எண் பெரிதே தவிர, சக்தி கிட்டத்தட்ட அதேதான். போர் விமானத்துக்கு ஏற்ற கனத்த சத்தமும் கிடைக்கும். பெரிய இன்ஜின் தேடிப் போகிற பலருக்கு உண்மையில் வேண்டியிருப்பது அந்தச் சத்தம்தான்.