நோட்டில் இருந்த வீடுகள்

1967இல் சிங்கப்பூர் வெளியிட்ட முதல் ஒரு வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இருந்தவை தங்ளின் ஹால்ட்டின் அடுக்குமாடிகள். புதிய நாடு தன் நோட்டில் அச்சடிக்கத் தேர்ந்தெடுத்தது சாமானியர்கள் துணி காயப்போட்ட கட்டடங்களை. ஹொக்கியன் மொழியில் ‘சாப் லாவ் சூ’, அதாவது பத்து மாடி வீடு, என்று ஊர் அழைத்த அந்த புளோக்குகள் இன்று இல்லை. அதே பேட்டையின் மேலும் 31 புளோக்குகளைக் காலிசெய்யும் அறிவிப்பு 2014இல் வந்தது. குடியிருந்தவர்களுக்கு டாசனில் புது வீடு.

யாரும் தெருவில் நிற்கவில்லை, உண்மைதான். பழைய பேட்டைகளைத் தேர்ந்தெடுத்து இடித்துக் கட்ட 1995இல் தொடங்கிய ‘செர்ஸ்’ திட்டத்தில் இழப்பீடும் புதிய 99 ஆண்டுக் குத்தகையும் கிடைத்தன. இனி வரப்போவது ‘வெர்ஸ்’. ஏறத்தாழ 70 வயதான பேட்டைகளில் குடியிருப்பாளர்களே வாக்களித்து முடிவு செய்வார்கள் என்று 2018இல் அறிவித்தார்கள். சலுகை முன்போல் தாராளமாக இருக்காது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்கள். வாக்குச்சீட்டில் இடிப்பதா, வேண்டாமா என்ற கேள்வி மட்டும் இருந்தால் போதாது என்பது நம் கருத்து. ஒவ்வொரு பழைய பேட்டையிலும் இரண்டு மூன்று புளோக்குகளை ஆட்கள் குடியிருக்கும் வீடுகளாகவே விட்டுவைக்க வேண்டும். அந்தப் பட்டியல் வாக்கெடுப்புக்கு முன்பே வெளிவர வேண்டும்.

இந்தப் பழைய புளோக்குகள் அழகுக்காகக் கட்டியவை அல்ல. 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் பிறந்திருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), கிடைத்த பணத்தில் அவசரமாகக் கட்டியது. செலவைக் குறைக்க நீளமாக ஒரு தாழ்வாரம், அதில் வரிசையாகக் கதவுகள், மொத்தத்துக்கும் ஓரிரு மின்தூக்கி. அவையும் எல்லாத் தளத்திலும் நிற்காது. அரிசி மூட்டையோடு ஒரு மாடி ஏறியோ இறங்கியோ வீட்டுக்குப் போனவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அந்தச் சிக்கனம்தான் அக்கம்பக்கத்தை உண்டாக்கியது. வீட்டுக்குப் போக நாலு வீட்டு வாசலைக் கடந்தாக வேண்டும். ஒரு வாசலில் மாவிலைத் தோரணம், பழைய பெயிண்ட் டின்னில் கறிவேப்பிலைச் செடி. அடுத்ததில் ஊதுபத்தி செருகிய சிவப்புத் தகரம். அதற்கடுத்த கதவின் கம்பிகளுக்குள்ளிருந்து பெலாச்சான் வாசனை. வழக்கமான நேரத்தில் பாட்டியின் சக்கர நாற்காலி வெளியே வரவில்லையென்றால் எதிரே வருபவர் கேட்பார். புதிய கோபுரங்களில் மின்தூக்கிக்கு இருபுறமும் சில கதவுகள், அவ்வளவே. சேர்ந்து விண்ணப்பித்து அருகருகே வீடு எடுக்கவும் சில குடும்பங்களுக்கு வழி இருக்கிறது, நல்லதுதான். ஆனால் பக்கத்துச் சுவரில் இருப்பதும் வாசல் வழியாகப் போவதும் ஒன்றல்ல.

கூரைக் காரை பெயர்கிறது, உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது, நிலமோ கையளவு என்பார்கள். மூன்றும் சரி. அதனால்தான் முழுப் பேட்டையையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நாம் கேட்கவில்லை. வைத்துக்கொள்ளும் புளோக்குகளின் பழுதுச் செலவை மட்டும் குடியிருப்பவர் தலையில் கட்டாமல் அரசே ஏற்கட்டும்.

வரிசை மாறி, ஆட்கள் போன பிறகு முடிவு வந்தால் என்னவாகும் என்று டக்கோட்டா கிரசெண்ட்டில் பார்த்தோம். 1958இல் கட்டப்பட்ட அந்தக் குடியிருப்பிலிருந்து 2016 இறுதிக்குள் எல்லாரும் வெளியேறினார்கள். ஆறு புளோக்குகளை இடிக்க வேண்டாம் என்ற முடிவு மறு ஆண்டு டிசம்பரில்தான் வந்தது. சுவர் பிழைத்தது, அதற்குள் வாழ்ந்த முதியவர்கள் ஏற்கெனவே பெட்டி கட்டிப் போயிருந்தார்கள்.

குவீன்ஸ்டவுனின் ஸ்டெர்லிங் ரோட்டில் 45, 48, 49 எண்ணுள்ள புளோக்குகள் நிற்கின்றன. 1960இல் வீவக கட்டி முடித்த முதல் கட்டடங்கள் அவை. பட்டியலில் முதல் வரியாக அந்த மூன்று எண்களை எழுதுங்கள், அங்கே இன்னமும் ஆள் இருக்கும்போதே.