பத்து ரூபாய்ப் பங்கு, ஏழு ரூபாய்ச் சந்தை

வோடஃபோன் ஐடியாவுக்கு அரசு ஒரு பைசாகூடத் தள்ளுபடி செய்யவில்லை, பாக்கியைப் பங்காக மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான் என்று நாகேஸ்வர ராவ் பூங்கா வாக்கிங் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். தள்ளுபடி செய்திருக்கிறது. எவ்வளவு என்பதற்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும்.

2025 மார்ச் கடைசியில், அந்தக் கம்பெனி அலைக்கற்றைக்குத் தர வேண்டியதில் 36,950 கோடி ரூபாய்க்குப் பதிலாக மத்திய அரசு பங்கு எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. பங்கு 10 ரூபாய் வீதம் 3,695 கோடி பங்குகள். அப்போது சந்தையில் அதன் விலை 7 ரூபாய்க்கும் கீழே. 7 என்றே வைத்துப் பெருக்குங்கள்: 25,865 கோடி. மீதி 11,085 கோடி எங்கே? 2023 பிப்ரவரியிலும் 16,133 கோடிக்கு இதே 10 ரூபாய்தான். அன்றும் சந்தையில் சுமார் 7.

நம் வீட்டு நகையை அடகு வைக்கப் போனால், உஸ்மான் ரோடு கடை பில்லை மதிப்பீட்டாளர் கையால்கூடத் தொடமாட்டார். உரைத்துப் பார்ப்பார், கல் எடையைக் கழிப்பார், செய்கூலி சேதாரத்தை மறந்துவிடச் சொல்வார். அன்றைய விலைதான் கணக்கு. கம்பெனிக்கு மட்டும் பில் விலையா?

முகமதிப்பு 10 ரூபாய், அதற்குக் கீழே பங்கு கொடுக்கச் சட்டம் இடம் தராது என்பார்கள். உண்மை. கம்பெனிகள் சட்டம் 53ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் முகமதிப்பையே குறைக்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறதே! அரசு பயன்படுத்திய 62ஆம் பிரிவோ, மாற்றும்போது கம்பெனியின் நிதி நிலையைப் பார்க்க வேண்டும் என்கிறது. பார்த்தார்களா?

என் சந்தேகம் வேறு. 10 ரூபாய்க் கணக்கில் அரசின் பங்கு 48.99 சதவீதத்தில் நின்றது. 7 ரூபாய் போட்டிருந்தால் 55ஐத் தாண்டியிருக்கும். 51ஐத் தொட்டாலே அரசு நிறுவனம். விடையை முதலில் எழுதிவிட்டுப் பிறகு கணக்குப் போடும் பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிக்குப் பாதி பணம் நம்முடையது, நிர்வாகம் பழைய முதலாளிகளிடமே.

2011இல் கிங்ஃபிஷர் கடனை வங்கிகள் பங்காக மாற்றியதும் இப்படித்தான். சந்தையில் சுமார் 40 ரூபாய். வங்கிகள் எடுத்தது 64 ரூபாய் 48 காசுக்கு. அடுத்த வருஷம் அக்டோபரில் விமானமே பறக்கவில்லை.

கம்பெனி மூழ்கினால் ஜியோவும் ஏர்டெல்லும் வைத்ததுதான் கட்டணம் என்பது நியாயமான பயம். எனக்கும் உண்டு. அப்படியென்றால் 11,000 கோடி உதவி என்று நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும். நாளை விலை ஏறும் என்பதும் பதிலாகாது. ஏறினாலும் சந்தையில் 7க்கு வாங்கினவனுக்குத்தான் நம்மைவிட லாபம்.

வாத்தியாருக்குப் பங்குச் சந்தை எதற்கு என்று கேட்க வருகிறவர்கள், மேலே பெருக்கலில் தப்பு இருந்தால் மட்டும் கீழே எழுதவும்.