இரண்டாம் வருஷம்

பிள்ளையைக் காலேஜில் சேர்க்கும் நாள் நம் வீடுகளில் ஏறக்குறைய ஒரு சிறு கல்யாணம் போல நடந்தேறுகிறது. புதுச் சட்டை, புதுப் பை, பாட்டியின் திருநீறு, மாமாவின் நூறு ரூபாய் எல்லாம் உண்டு. கடைசி வருஷத்தில் பட்டமளிப்பு விழா வருகிறது. கறுப்பு அங்கியுடன் போட்டோ எடுத்துக் கூடத்தில் மாட்டுகிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே இரண்டாம் வருஷம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மாலையும் இல்லை, மேளமும் இல்லை. பிள்ளைகள் பலர் படிப்பை விட்டு நழுவுவது இந்தச் சந்தடியற்ற வருஷத்தில்தான் என்பது நமது அபிப்பிராயம்.

அமெரிக்காவில் இரண்டாம் வருஷத்து மாணவனுக்கு 'ஸோஃபமோர்' என்று தனிப் பெயரே உண்டு. அறிவு, மடமை என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது என்று சொல்வார்கள். பாதி ஞானி, பாதி மூடன்! அந்த வருஷத்தில் வரும் சோர்வுக்கும் அவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகையால் இந்த வியாதி நம் ஊருக்கு மட்டும் வந்ததன்று.

இதற்குக் காரணம் என்ன? எஞ்சினீயரிங் படிப்பை எடுத்துக்கொள்வோம். முதல் வருஷத்தில் பௌதிகம், ரசாயனம், கணிதம் என்று பள்ளிக்கூடத்துப் பழைய முகங்கள் வருகின்றன. இரண்டாம் வருஷத்தில்தான் உண்மையான தொழிற்சாஸ்திரம் ஆரம்பமாகிறது. உஷ்ண இயக்கவியல், பாய்ம இயக்கவியல், மின்சுற்று என்று ஒவ்வொன்றும் புது முகமாய் வருகிறது. போதாக்குறைக்கு முதல் வருஷத்தில் தவறிய பாடங்கள் 'அரியர்' என்ற பெயருடன் கூடவே வருகின்றன. பழைய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டே புதுக் கடனும் வாங்குகிற குடும்பஸ்தனின் நிலைதான் பிள்ளையாண்டானுக்கும். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து நேரே இரண்டாம் வருஷத்தில் சேருகிறவர்களின் பாடு இன்னும் கஷ்டம். முதல் வருஷத்துக் கணிதத்தைக் காணாமலே அவர்கள் அதற்கு மேற்பட்ட கணிதத்தில் வந்து குதிக்கிறார்கள்.

நமது படப்பையில் இந்த விஷயத்துக்கு மற்றோர் முகமும் உண்டு. விடியற்காலையில் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் சற்று நின்று பார்த்தால் விளங்கும். காலேஜ் பஸ்ஸும் கம்பெனி பஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார்கள் வரத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அவற்றைச் சுற்றி எத்தனையோ உதிரிபாகத் தொழிற்சாலைகளும் எழுந்தன. இரண்டு அரியர் வைத்திருக்கும் பையன் சாலையோரத்தில் நிற்கும்போது எந்த பஸ்ஸில் ஏறுவது என்ற யோசனை அவனுக்கு வருவதில் ஆச்சரியம் என்ன? ஒரு பஸ்ஸில் ஏறினால் மாதா மாதம் சம்பளம் கைக்கு வரும். மற்றதில் ஏறினால் கைக்காசு போகும்.

நம்மிடம் பள்ளியில் படித்த பையன் ஒருவன் இவ்விதம் நின்றான். அவன் தகப்பனார் நம்மைத் தேடி வந்தார். "சார், மூணு பேப்பர் போயிடுச்சாம். காண்டிராக்டர் வேலைக்குக் கூப்பிடறார். கம்பெனியிலேயே சேர்த்துடலாமா? வீட்லயும் கடன் இருக்கு" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. வீட்டுக் கஷ்டத்தை அறியாமல் "படிப்பே பெரிது" என்று உபதேசம் செய்வது சுலபம். அதனால் அடுப்பு எரியாது.

நாம் அவரிடம் ஒன்றே கேட்டோம்: "காண்டிராக்ட் வேலை எத்தனை மாதத்துக்கு?" அவருக்குத் தெரியவில்லை. வேலை நிரந்தரமா என்பதும் தெரியவில்லை. காண்டிராக்டரைக் கேட்டுக்கொண்டு மறுநாள் வந்தார். ஏழு மாதமாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். ஏழு மாதத்து வேலைக்காக, கட்டி முடித்த ஒரு வருஷத்துப் படிப்பைக் கைவிடுவதா என்று அவரே யோசித்தார். பையன் காலேஜுக்குத் திரும்பினான். மூன்றில் இரண்டு பாடம் தேறிவிட்டான். மூன்றாவது இன்னும் பாக்கி. கடனும் இன்னும் தீரவில்லை. இது கதையன்று, ஆகையால் எல்லாம் ஒரேயடியாகச் சுபமாய் முடியவில்லை.

பரீட்சையில் தவறியவர்களுக்கு நம்மவர் உடனே எடுத்துக் காட்டும் பெயர் கணித மேதை ராமானுஜன். 1904-ல் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறியதால் அந்தச் சம்பளத்தை இழந்தார். 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் மறுபடியும் முயன்றார். 1907-ல் மறுபடியும் தவறினார். அப்புறம் 1912-ல் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் முப்பது ரூபாய்க் குமாஸ்தா வேலை கிடைக்கும் வரையில் அவர் பட்ட வறுமை கொஞ்சமல்ல. 1916-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருடைய ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் அளித்தது. இதிலிருந்து "தவறினால் பரவாயில்லை" என்று தேறுதல் கொள்பவர் பாதிக் கதையைத்தான் படித்தவர். அக்காலத்தில் எப்.ஏ. பரீட்சையில் எல்லாப் பாடங்களிலும் தேற வேண்டும். கணிதத்தில் மேதையாயிருந்தும் அவருக்குக் கதவு திறக்கவில்லை என்பதே மீதிக் கதை.

இன்று கதவு அவ்வளவு இறுக மூடியதில்லை. தவறிய பாடத்தை மட்டும் திரும்ப எழுதினால் போதும். அண்ணா சர்வகலாசாலையின் 2021-ஆம் வருஷத்து விதிகளின்படி நான்கு வருஷ எஞ்சினீயரிங் படிப்பை முடிக்கப் பதினான்கு ஸெமஸ்டர், அதாவது ஏழு வருஷம், அவகாசம் உண்டு. நேரே இரண்டாம் வருஷத்தில் சேருகிறவர்களுக்குப் பன்னிரண்டு ஸெமஸ்டர். ஆனால் வருகைப் பதிவு நூற்றுக்கு எழுபத்தைந்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரியர் என்பது திருத்தக்கூடிய பிழை. வகுப்புக்கே போகாமல் இருப்பதுதான் படிப்பை வேரோடு அறுப்பது.

செய்யவேண்டியது என்ன? முதலாவது, அரியர் முழுவதையும் ஒரே பருவத்தில் தீர்க்கும் ஆசை வேண்டாம். மேற்படிப் பாடங்களுக்கு அஸ்திவாரமானது எதுவோ, பெரும்பாலும் கணிதம், அதை முதலில் தீர்க்கலாம். இரண்டாவது, பழைய வினாத்தாளை எடுத்துக் கடிகாரத்தை முன்னே வைத்து எழுதிப் பார்க்க வேண்டும். படிப்பது வேறு, எழுதுவது வேறு. தமிழில் படித்து வந்த பிள்ளைகள் விடையை முதலில் தமிழில் தமக்குத் தாமே சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். புரியாமல் உருப்போட்ட வாக்கியம் பரீட்சை மண்டபத்தில் கைகொடுக்காது. மூன்றாவது, பணமுடை என்றால் காலேஜை விடுமுன் உதவியை விசாரிக்க வேண்டும். அரசாங்கப் பள்ளியில் படித்த பெண்களுக்காக 2022-ல் 'புதுமைப் பெண்' திட்டமும், பையன்களுக்காக 2024-ல் 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாயுடன் தொடங்கப்பட்டன. படிப்பில் நீடிப்பவர்களுக்கே அந்தப் பணம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உறவினர் முன்னால் "எத்தனை அரியர்?" என்று கேட்காதீர்கள். அடுத்த தடவை பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்வான். இராச் சாப்பாட்டின்போது "இன்றைக்கு எந்தப் பாடம் புரியவில்லை?" என்று கேளுங்கள். அந்தப் பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய பலம்.

நம் ஊர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் முறுக்காணி திருகுவதற்கும் ஆள் வேண்டும். அது மதிப்பில் குறைந்த வேலையன்று. ஆனால் முறுக்காணி எங்கே வரவேண்டும் என்று வரைபடம் போடும் மேஜையிலும் படப்பைப் பிள்ளைகள் உட்கார வேண்டும். அந்த மேஜைக்குப் போகும் வழி இரண்டாம் வருஷத்தின் நடுவேதான் செல்கிறது. அதை நடந்தே கடக்க வேண்டும்.