நிறை பார்ப்பது தினமுமா, கிழமைக்கு ஒரு தரமா?

மெலிய விரும்புகின்றவர்கள் எத்தனை நாளுக்கு ஒரு தடவை தராசில் ஏற வேண்டும் என்பது, வெள்ளவத்தைக் கடற்கரையோரம் மாலை நடைக்கு வருவோரிடையே முடிவில்லாமல் நடக்கும் ஒரு வழக்கு. அரசியல் தீர்வைப் பற்றிக்கூட இப்போது எவரும் இவ்வளவு ஆவேசமாக வாதிடுவதில்லை. தினமும் ஏறினால் மனம் சோர்ந்துவிடும், கிழமைக்கு ஒரு தரம் போதும் என்பது ஒரு கட்சி. மாதம் ஒரு தரம், அதுவும் சம்பள நாளில் பார்த்தால் போதும் என்பது இன்னொரு கட்சி. தராசையே வீட்டுக்குள் விடக் கூடாது என்போரும் உளர். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறையைத் தினமும் காலையில் பார்க்க வேண்டும். தீர்ப்பைக் கிழமைக்கு ஒரு தரம்தான் வழங்க வேண்டும்.

இது பொழுதுபோக்கு வாதமல்ல. 2005-2006 காலப்பகுதியில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட ஆய்வில், நகர்ப்புறங்களில் வாழும் வளர்ந்தோரில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு நீரிழிவு இருந்தது. கொழும்பு நகரவாசிகளைப் பற்றி 2019 இல் வெளியான ஆய்வில் அந்தத் தொகை நூற்றுக்கு 27 ஐத் தாண்டிவிட்டது. 'சீனி வருத்தம்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக்கொள்ளும் நோய்தான் இது. அது கண்களையும் சிறுநீரகத்தையும் பாதங்களையும் என்ன செய்யும் என்பதைப் பார்த்திராத வீடு கொட்டாஞ்சேனையிலும் இல்லை, வெள்ளவத்தையிலும் இல்லை.

களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ராகமையில் இருக்கிறது. அங்குள்ளவர்கள் 2007 இல் அப்பகுதி மக்களில் 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ மூவாயிரம் பேரைப் பரிசோதித்தார்கள். மூன்றில் ஒரு பங்கினரின் ஈரலில், மதுவோடு தொடர்பில்லாத கொழுப்புப் படிந்திருந்தது. ஏழு வருடங்களின் பின் மீண்டும் பார்த்தபோது, முன்னர் ஈரல் சுத்தமாக இருந்தவர்கள் பலருக்கும் அது வந்திருந்தது. இடைக்காலத்தில் நிறை கூடியவர்களுக்கே அந்த வாய்ப்பு அதிகமாக இருந்தது. இந்த ஏழு வருடம் என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். மாதம் ஒன்றுக்கு வெறும் நூறு கிராம் கூடினால் வருடத்துக்கு 1.2 கிலோ, ஏழு வருடத்தில் 8.4 கிலோ. ஒரு மாதத்திலேனும் காற்சட்டை இறுகியிராது. கண்ணாடியும் எதையும் காட்டிக்கொடுத்திராது. நம்மில் பெரும்பாலானோர் தராசில் ஏறுவது வருடத்துக்கு ஒரு தரம், சப்பாத்தோடும் சட்டைப் பையில் தொலைபேசியோடும், வைத்தியர் ஏறச் சொல்லும்போதுதான். அந்த எண்ணைக் கண்டவுடன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "மெசின் பிழை டொக்டர்."

பார்வைக்கும் பார்வைக்கும் இடையிலான தூரம் முக்கியம் என்பதற்குக் கொழும்பிலேயே ஓர் உதாரணம் உண்டு. இலங்கை நீரிழிவுச் சங்கம், லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஆபத்து அறிகுறிகள் உள்ள 4,672 இளவயதினரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும் மறு பகுதியினருக்கு வருடத்துக்கு ஒரு தடவையும் உணவு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனை. முடிவுகள் 2017 இல் வெளிவந்தன. அடிக்கடி சந்திக்கப்பட்டவர்களிடையே நோயின் முன்னோடி அறிகுறிகள் குறைவாகவே தோன்றின. அங்கு அடிக்கடி கிடைத்தது தராசல்ல, ஆலோசனை. என்றாலும் வருடாந்தக் கணக்கெடுப்பு மனித உடலுக்குப் போதாது என்பதை அது காட்டுகிறது.

தினமும் நிறுப்பதற்கு எதிரானவர்களின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. நேற்று 80, இன்று 81 என்றால் யாருக்கும் மனம் நொந்துபோகும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. ஒரே இரவில் அவ்வளவு கொழுப்புச் சேர வேண்டுமானால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேலதிகமாக அத்தனை கலோரியையும் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். காலி வீதியில் எந்தக் கடையின் கொத்துரொட்டியாலும் அது முடியாது. கொத்துரொட்டியின் உப்பு உடலில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது; அதன் மாச்சத்தும் தண்ணீரோடு சேர்ந்துதான் சேமிக்கப்படுகிறது. ஏறிய கிலோவில் பெரும் பகுதி தண்ணீர், மிகுதி இன்னும் வெளியேறாத சாப்பாடு. பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டிய நாட்களிலும் இப்படித் தண்ணீர் ஏறி இறங்கும். இதே கணக்குப்படி, சோற்றைக் குறைத்த முதல் கிழமையில் இறங்கும் இரண்டு கிலோவும் பெரும்பாலும் தண்ணீரே. ஏறும்போது மட்டும் தண்ணீர், இறங்கும்போது கொழுப்பு என்று சொல்லிக்கொள்வது நியாயமாகாது.

தன்னைத் தானே நிறுத்துப் பார்ப்பதில் சான்ட்டோரியோவை மிஞ்ச ஆளில்லை. இத்தாலியின் பாதுவா நகர வைத்தியரான இவர், தராசிலிருந்து தொங்கும் நாற்காலி ஒன்றைச் செய்து, சுமார் முப்பது வருடங்கள் உண்டதையும் குடித்ததையும் கழித்ததையும் நிறுத்தார். 1614 இல் அதை நூலாக வெளியிட்டார். உண்பதில் பெரும் பங்கு கண்ணுக்குத் தெரியாமலே மூச்சாகவும் வியர்வையாகவும் போய்விடுகிறது என்பது அவரது கண்டுபிடிப்பு. இரவு படுக்கும்போது இருந்த நிறை விடியும்போது குறைந்திருப்பதன் காரணமும் அதுதான். காலையில், மலசலம் கழித்தபின், தேநீருக்கு முன் என்று ஒரே வேளையை வைத்துக்கொள்ளும்படி சொல்வதும் அதனால்தான். (மனிதர் மெலிவதற்காக இதைச் செய்யவில்லை. தராசில் ஏறி உண்மையாகவே மெலிந்தவர் என்றால் சிபிச் சக்கரவர்த்தி ஒருவர்தான்.)

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2006 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வு, ஏற்கெனவே மெலிந்த 314 அமெரிக்கர்களை ஒன்றரை வருடம் தொடர்ந்தது. தினமும் நிறுக்கவும், நிறையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துப் பார்க்கவும் அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கற்பிக்கப்பட்டது. நம் நாட்டில் 2016 முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் இருக்கும் அதே மூன்று நிறங்கள். வெறும் செய்திமடல் மாத்திரம் பெற்றவர்களில் நூற்றுக்கு 72 பேர் 2.3 கிலோவோ அதற்கு மேலோ திரும்பப் பெற்றார்கள். நேரில் பயிற்சி பெற்றவர்களில் அது 46. பயிற்சி பெற்றோரிலும் தினமும் நிறுத்தவர்களே நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள்.

நமக்கு இன்னும் பொருத்தமானது 2018 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த பேர்மிங்ஹாம் ஆய்வு. நத்தார் காலத்தில் 272 பேரில் பாதிப் பேரைக் கிழமைக்கு இரு தரமேனும், இயலுமானால் தினமும் நிறுக்கச் சொன்னார்கள். பண்டிகைத் தின்பண்டங்களின் கலோரியைக் கரைக்க எவ்வளவு நடக்க வேண்டும் என்ற பட்டியலும் கொடுத்தார்கள். மறு பாதியினரோடு ஒப்பிடும்போது அரைக் கிலோ மிச்சம். சிறிய எண்தான். ஆனால் நம் ஊரில் நத்தார் கேக் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வரும், மூன்று கிழமையில் சர்க்கரைப் பொங்கல் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகும். பின்னர் புதுவருடம், ஆடிவேல், தீபாவளி. அரைக் கிலோவை வருடத்தில் நான்கு தடவை மிச்சப்படுத்துவது அற்பமல்ல. ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நிறுத்துவிட்டுச் சும்மா இருந்தால் மெலிவதில்லை. தராசு செய்தி தரும். சோற்றுக் கோப்பையைக் குறைக்காது.

அப்படியானால் கிழமைக்கு ஒரு தரம் ஏன் போதாது? ஒருவருடைய ஒரு கிழமைக் கணக்கு இப்படி இருக்கலாம்: 81.2, 80.6, 80.9, 81.4, 80.5, 80.7, 81.7. சராசரி 81. வெள்ளிக்கிழமை மட்டும் பார்க்கின்றவர் 80.5 ஐக் கண்டு மகிழ்வார். அடுத்த கிழமைச் சராசரி 80.6 ஆகக் குறைந்திருக்கும். ஆனால் அந்த வெள்ளியன்று தராசு 80.8 காட்டினால், கூடிவிட்டது என்று நினைத்து முயற்சியையே கைவிடுவார். உண்மையில் அவர் 400 கிராம் குறைந்திருக்கிறார். பத்திரிகைக்காரனுக்கு இது புதிதல்ல. மரக்கறி விலையைத் தினமும் போடுவோம். விலைவாசி ஏறுகிறதா இறங்குகிறதா என்று எழுதுவதற்கு ஒரு நாள் விலையை நம்பமாட்டோம். கலண்டரில் தினமும் எண்ணைக் குறியுங்கள், ஞாயிறன்று ஏழால் பிரியுங்கள். சென்ற கிழமைச் சராசரியோடு ஒப்பிடுங்கள். அவ்வளவுதான்.

தராசு பற்றி ஒரு சொல். கடைக்காரரின் தராசுக்கு வருடந்தோறும் அரச முத்திரை வேண்டும். வீட்டுத் தராசுக்கு அப்படி எதுவும் இல்லை. அது அரைக் கிலோ கூட்டிக் காட்டினாலும் பாதகமில்லை, தினமும் அதே அரைக் கிலோவைக் கூட்டினால் சரி. ஆகவே பாமசியில் ஒரு நாள், மைத்துனர் வீட்டில் ஒரு நாள் என்று அலையாமல், சீமெந்துத் தரையில் வைத்த ஒரே தராசில் ஏறுங்கள்.

இந்த வழி எல்லோருக்கும் உரியதல்ல. வளரும் பெண்பிள்ளைகளைத் தினமும் தராசில் ஏற்றுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அடிக்கடி நிறுக்கும் பழக்கமுள்ள இளம் பெண்களிடம் பட்டினி கிடப்பதும் கட்டுப்பாடிழந்து உண்பதும் அதிகம் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. கலியாணப் பேச்சுக்கு முன் மகளை மெலிய வைக்க நினைக்கும் தாய்மார் இதை இரு தரம் வாசிக்கவும். காலை எண் நாள் முழுவதையும் கெடுக்கிறதென்றால், வளர்ந்தவர்களும் தராசை விட்டு அளவுநாடாவை எடுக்கலாம். தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. மாதம் ஒரு தரம் போதும்.

நேர்மாறாக, இதயச் செயலிழப்பு நோயாளருக்குத் தினமும் நிறுப்பது மருந்து உண்பது போன்ற கடமை. அவர்களுக்குத் தண்ணீர்தான் ஆபத்து. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அவர்கள் சராசரி பார்க்கக் கூடாது. அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் அன்றே வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.