அடைமழையில் லோரியை நிறுத்தும் உரிமை யாருக்கு?

கிள்ளான் – வடகிழக்குப் பருவமழை என்றாலே கிளந்தானும் திரெங்கானுவும்தான் நினைவுக்கு வரும். 2021 டிசம்பரில் அந்த எண்ணம் மாறியது. 17, 18-ஆம் தேதிகளில் கொட்டிய மழையில் கிள்ளான் பள்ளத்தாக்கே மூழ்கியது. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மீதேறி மீட்புப் படகுக்குக் காத்திருந்தனர். பெடரல் நெடுஞ்சாலையில் வெள்ளம் புகுந்து வாகனங்கள் மணிக்கணக்கில் சிக்கின. நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த வெள்ளத்தின் இழப்பு 610 கோடி ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

அத்தகைய மழையிலும் கிள்ளான் துறைமுகத்துக்குக் கொள்கலன் போயாக வேண்டும். கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்கக் கெடு நேரம் உண்டு. பல ஓட்டுநர்களுக்கு டிரிப் கணக்கில்தான் சம்பளம். லோரியை ஓரங்கட்டினால் அன்றைய வருமானம் குறையும். தோட்டம் துண்டாடப்பட்ட பின் நகருக்கு வந்து லோரி ஓட்டிப் பிழைக்கும் நம்மவர் குடும்பங்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

பாரம் ஏற்றிய லோரி ஈரச் சாலையில் நிற்க நெடுந்தூரம் பிடிக்கும். வெள்ளத்தில் இறங்கி ஏறினால் பிரேக்கின் பிடி தளரும். டாங்கி லோரி பாதி நிறைந்திருந்தால், உள்ளே அலையும் திரவமே வண்டியைச் சாய்த்துவிடும்.

2025 மே 13-இல் தெலுக் இந்தானில் கல் லோரி மோதி, கலகத் தடுப்புப் போலீஸ் படையினர் 9 பேர் மாண்டனர். அதன் பிறகு, அக்டோபர் முதல் கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. நல்ல நடவடிக்கைதான். ஆனால் அக்கருவி மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாமல்தான் தடுக்கும். கண் தெரியாத மழையில் 60-கூட அதிகம். அங்கே ஓட்டுநரின் முடிவுதான் உயிரைக் காக்கும்.

அந்த முடிவுக்குச் சட்டத்தில் இடமுண்டு. 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள, திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஏ பிரிவு அதைச் சொல்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதைத் தெரிவித்தும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. இச்சட்டத்தில் 'இடம்' என்பதில் வாகனமும் அடங்கும்.

ஆகவே நிலைமையை வாட்ஸ்அப்பில் படத்துடன் மேற்பார்வையாளருக்குத் தெரிவித்து, அந்தப் பதிவை ஓட்டுநர் பத்திரப்படுத்துவது நல்லது. அவசரத் தடத்தில் நிறுத்துவதைவிட ஓய்விடத்தில் நிறுத்துவதே பாதுகாப்பு. பெர்கெசோ சந்தா முறையாகக் கட்டப்படுகிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இருந்தும், டிரிப் சம்பளம் நீடிக்கும்வரை இந்த உரிமை ஏட்டோடுதான் நிற்கும். மழைக்குக் காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்பது வேலை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். தொழிற்சங்கங்களும் மனிதவள அமைச்சும் அடுத்த பருவமழைக்கு முன்பே இதைப் பேசித் தீர்க்க வேண்டும்.