மாறும் முகவரியும் மாறாப் பெயரும்

இல்லத்திலேயே சிறு கணினியொன்றை வைத்துக் குடும்பப் படங்களையும் பழைய ஒலிப்பதிவுகளையும் சேமித்துக்கொள்ளும் முறையைச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதனைக் கண்ணுற்ற அன்பர் சிலர் ஏறத்தாழ ஒரே வினாவை விடுத்துள்ளனர். வீட்டிற்குள் எல்லாம் செவ்வனே நடக்கிறது, விடுமுறைக்கு ஊர் சென்றபோது அங்கிருந்தும் ஒரு வாரம் திறந்தது, பின்னர் திறக்கவேயில்லை, காரணம் யாது என்பதே அவ்வினா.

காரணம், வீட்டின் முகவரி மாறிவிட்டதுதான். இணைய இணைப்பு வழங்கும் நிறுவனம் நம் ரௌட்டருக்கு ஓர் ஐ.பி. முகவரியை அளிக்கிறது. அஃது உரிமைப் பத்திரமன்று; வாடகைச் சீட்டு. மின்சாரம் நின்று வந்தாலும், ரௌட்டரை அணைத்து ஏற்றினாலும், சில வேளைகளில் யாதொரு காரணமும் தோன்றாமலேயே அவ்வெண் மாறிவிடும். ஊரிலிருக்கும் மகன் பழைய எண்ணைத் தட்டினால் வேறு எவரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டியவன் ஆகிறான்.

இரயில் நிலையத்தில் வண்டியின் பெயர் என்றும் ஒன்றே. அது வந்து நிற்கும் நடைமேடை மட்டும் சில நாட்களில் மாறுகிறது. பயணி நடைமேடை எண்ணை மனப்பாடம் செய்வதில்லை. பெயரைச் சொல்லி விசாரணைச் சாளரத்தில் கேட்கிறான். இணையத்தின் விசாரணைச் சாளரமே டி.என்.எஸ். என்னும் பெயர்ப் பதிவேடு. 1983-ஆம் ஆண்டில் பால் மொகாபெட்ரிஸ் என்பவர் வகுத்த ஏற்பாடு அது. எண் மாறுந்தோறும் நம் வீட்டு ரௌட்டரே அப்பதிவேட்டிற்குச் செய்தியனுப்பித் திருத்தச் செய்யுமாயின், அதற்கே டைனமிக் டி.என்.எஸ். என்று பெயர்.

நிற்க. இதனை அமைக்கத் தொடங்குமுன் ஒரு சோதனை இன்றியமையாதது. பலர் இதனைச் செய்யாமலே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை வீணடிக்கின்றனர். ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் 'வான்' என்ற தலைப்பின்கீழ் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்க. பிறகு, நம் ஐ.பி. எண்ணைக் காட்டும் ஏதேனுமோர் இணையதளத்தில் தெரியும் எண்ணோடு அதனை ஒப்பிடுக. இரண்டும் ஒன்றாயின் நன்று. வேறுபட்டு, ரௌட்டரில் உள்ள எண் 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியிலோ, 10 என்றோ தொடங்குமாயின், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளித்திருக்கிறது என்பது பொருள். 192.168 என்று தொடங்கினால், நிறுவனம் பொருத்திய பெட்டிக்குப் பின்னால் நம் ரௌட்டர் இரண்டாவதாக நிற்கிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

இப்பகிர்வுக்கு நிறுவனங்களை முற்றும் குறைகூற இயலாது. பழைய முறையில் உலகம் முழுமைக்கும் சுமார் 430 கோடி முகவரிகளே உண்டு. ஆசிய-பசிபிக் வட்டாரப் பதிவகத்தின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே இறுதித் தொகுதியை எட்டிவிட்டது. மேற்சொன்ன 100.64 தொகுதி 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆயினும், இணைப்பு விற்கும்பொழுது இதனை வாடிக்கையாளருக்கு ஒரு வார்த்தை சொல்லலாகாதா என்பது நம் மனத்தாங்கல்.

இவ்வாறு பகிரப்பட்ட இணைப்பில் டைனமிக் டி.என்.எஸ். மட்டும் பயன் தராது. தெருப்பெயர் தெரிந்தாலும் மாடியிலுள்ள நூறு குடித்தனங்களில் நம்முடையது எதுவென்று கதவு காப்பவனுக்குத் தெரியாத நிலை அது. கூடுதல் கட்டணம் செலுத்திப் பொது முகவரி கேட்டுப் பெறலாம். அல்லது டெயில்ஸ்கேல் போன்ற, உள்ளிருந்து வெளியே இணைந்துகொள்ளும் ஏற்பாட்டை நாடலாம். ஐ.பி. ஆறாம் பதிப்பு கிடைக்கும் வீடுகளில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரியே உண்டு. ஆனால் அப்பொழுது பதிவேட்டில் ஏற வேண்டியது சேமிப்புக் கணினியின் முகவரி, ரௌட்டருடையதன்று. ஊரிலுள்ளவர் இணைப்பிலும் அப்பதிப்பு இருத்தல் வேண்டும்.

பொது முகவரி உடையோர்க்கு வேலை எளிது. முதலில் ரௌட்டரில் சேமிப்புக் கணினிக்கு ஒரு நிலையான உள்வீட்டு எண்ணை ஒதுக்குக. பிறகு பெயர் வழங்கும் சேவையொன்றில் பதிவுசெய்க. டக்டிஎன்எஸ், நோ-ஐபி போன்றவை இலவசமாகவும் பெயர் தருகின்றன. இலவசப் பெயரை அவ்வப்போது உறுதிசெய்யுமாறு மின்னஞ்சல் வந்தால் அலட்சியம் செய்யலாகாது. ரௌட்டரின் டி.டி.என்.எஸ். பக்கத்தில் சேவையின் பெயர், பெற்ற பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை நிரப்பினால் போதும். அப்பட்டியலில் நம் சேவை இல்லையெனில், சேமிப்புக் கணினியே ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை செய்தியனுப்புமாறு செய்யலாம்.

இனி வருவதே நாம் பெரிதும் வற்புறுத்த விரும்புவது. பெயர் கிடைத்ததும் பலர் ரௌட்டரில் போர்ட்டுகளைத் தாராளமாகத் திறந்துவிடுகின்றனர். கோப்புகளைப் பகிரும் 445, கணினித் திரையைக் காட்டும் 3389, ரௌட்டரின் நிர்வாகப் பக்கம் ஆகிய யாவும் வெளியுலகிற்குத் திறந்து கிடக்கின்றன. 2016 அக்டோபர் 21-இல் அமெரிக்காவில் பெயர்ப் பதிவேட்டுச் சேவை நடத்திய டின் என்ற நிறுவனத்தை ஒரு தாக்குதல் முடக்கியது. டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய தளங்கள் பலருக்குப் பல மணி நேரம் கிட்டவில்லை. தாக்கியவை பெரிய இயந்திரங்களல்ல. வீடுகளிலிருந்த காமிராக்களும் ரௌட்டர்களுமே. தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டவர்களின் கருவிகளை 'மிராய்' என்ற தீநிரல் தன்வசப்படுத்தியிருந்தது. பிரயாசையோடு வாங்கிய காமிரா, உரிமையாளர் அறியாமலே அயலானுக்கு ஊழியம் செய்தது.

நம் வீட்டுச் சேமிப்பிலோ மறைந்த பெரியவர்களின் குரல் இருக்கிறது. ஊரில் இன்று இல்லாத வீட்டின் படங்கள் இருக்கின்றன. அவற்றைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்போர் உண்டு. ஆதலின் வயர்கார்டு என்னும் ஒன்றை மட்டும் திறந்து, மற்ற அனைத்தையும் மூடியே வைத்தல் நலம். வழக்கமாக அது 51820 என்ற போர்ட்டில் இயங்கும். திறவுகோல் இல்லாதவன் தட்டினால் மறுமொழியே கூறாது. மற்றொரு பிரதி வேறிடத்தில் இருக்கட்டும். இணைப்பில் இல்லாத வட்டாயின் மிக நன்று. பதிவுசெய்யும் பெயரிலும் குடும்பப் பெயரைச் சேர்க்க வேண்டாம். பாதுகாப்புச் சான்றிதழ் பெறும்போது அப்பெயர் பொதுப் பதிவேட்டில் எவரும் காணும்படி ஏறிவிடும்.

அமைத்தபின் வீட்டு வைபையிலிருந்து சோதித்துப் பார்த்து, 'வேலை செய்யவில்லை' என்று மனம் தளர வேண்டாம். தன் வெளி முகவரிக்கு உள்ளிருந்தே செல்லும் வழியைச் சில ரௌட்டர்கள் அனுமதிப்பதில்லை. கைபேசியில் வைபையை அணைத்து, அதன் சொந்த இணைப்பில் சோதித்தலே முறை. எண் மாறியவுடன் சில நிமிடங்கள் பழைய எண்ணே வழங்குவதும் இயல்பு.

ஊரிலுள்ள பெற்றோரின் கைபேசியில் வயர்கார்டை அமைக்கும் வேலையை விடுமுறையில் நேரில் சென்றபோதே முடித்துவிடுக. தொலைபேசியில் சொல்லிச் செய்விப்பது இரு தரப்பாருக்கும் துன்பம். அது தொடங்கும்போது மட்டுமே பெயரைக் கேட்டு எண்ணை அறிந்துகொள்கிறது. இடையில் வீட்டு எண் மாறினால் இணைப்பு நின்றுவிடும். அவ்வேளையில் அணைத்து மீண்டும் ஏற்றும் பொத்தான் எதுவென்று அம்மாவிடம் இருமுறை காட்டி, மூன்றாம் முறை அவரையே அழுத்தச் சொல்லிவிட்டு வண்டியேறுக.