கத்தி மீனுக்கு அழைத்தார்கள். கெண்டைக்கு எந்த ரொட்?

தியவன்னா ஓயாவில் பெருகிவிட்ட கத்தி மீனைக் குறைப்பதற்காக 2025 செப்டெம்பரில் கடற்றொழில் அமைச்சு தூண்டில் போட்டியொன்றை அறிவித்தது. தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் இராட்சத விரால் பெருகியபோதும் தூண்டில்காரர்களின் உதவியே நாடப்பட்டது. அலங்கார மீன் வளர்ப்பின் வழியாக வந்து நம் நீரில் குடியேறிய இவ்விரண்டு வேட்டை மீன்களையும் பிடித்துக் கரையேற்ற வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. பிடித்ததைத் திரும்ப நீரில் விடக்கூடாது என்பதிலும் இல்லை. ஆகவே அழைப்பை ஆதரிக்கிறோம். ஆனால் இத்தகைய அழைப்பு ஒவ்வொன்றும், இதுவரை தூண்டிலைத் தொடாத இளைஞர்களைக் கடைக்கு அனுப்புகிறது. அவர்கள் வாங்கும் முதல் ரொட்டும் ரீலும் போட்டி முடிந்ததும் பரணில் ஏறப்போவதில்லை. அடுத்த விடுமுறைக்கு அவை குருநாகல், புத்தளம் பக்கக் குளங்களுக்குப் போகும். அங்கே தூண்டிலில் ஏறுவது கத்தி மீனாக இராது, கட்லாவாகவோ ரோகுவாகவோ சாதாக் கெண்டையாகவோ இருக்கும். நம் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

வேட்டை மீனுக்கு உகந்த கருவி கெண்டைக்கு ஏன் உகந்ததல்ல என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடையில் புதியவரிடம் எதைச் சொல்கிறோம் என்பதுதான் கேள்வி. ஆறரை அடி விறைப்பான ரொட், அதில் இழுபடாத பிரெய்ட் நூல்: கொக்கியை வேட்டை மீனின் கடின வாயில் ஏற்ற இது உதவும். கெண்டையின் வாய் மென்மையானது, தாடையில் பல் இல்லை. அதே கருவியால் வெட்டி இழுத்தால் கொக்கி வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். மறுபக்கம், 'கார்ப் ரொட்' என்று பெயரிட்டு வரும் 12 அடி, 3 இறாத்தல் டெஸ்ட் கேர்வ் ரொட் இருக்கிறது. ஓர் இறாத்தலுக்கு ஓர் அவுன்ஸ் என்ற பழைய கணக்கில் பார்த்தால் அது 85 கிராம் ஈயத்தைத் தொலைதூரம் எறியப் பிறந்தது. ஐரோப்பிய ஏரிகளில் அடிமட்டத்தில் மேயும் சாதாக் கெண்டைக்கு அது பொருந்தும். நம் குளங்களில் பெருமளவு விடப்படும் கட்லாவோ மேல்நோக்கிய வாயுடன் மேல்மட்டத்தில் உண்பது. ரோகு நடுநீரில் திரிவது. தவிடும் பாண் மாவும் பிசைந்து மிதவையில் தொங்கவிடும் நம் முறைக்கு எடையும் தூரமும் எதற்கு? முதல் ரொட் 9 அல்லது 10 அடி, இரண்டு துண்டு, டெஸ்ட் கேர்வ் ஒன்றரை முதல் இரண்டு இறாத்தல் வரை இருந்தால் போதும் என்பது நம் நிலை. காலி வீதி பஸ்ஸிலும் அது ஏறும்.

மென்மையான ரொட்டில் பெரிய மீன் நிற்காது என்பார்கள். ரிச்சர்ட் வாக்கர் 1952 செப்டெம்பர் 13இல் ரெட்மயர் குளத்தில் 44 இறாத்தல் கெண்டையைக் கரையேற்றியது அவரே வடிவமைத்த மூங்கில் ரொட்டில். நீளம் 10 அடி, டெஸ்ட் கேர்வ் ஒன்றரை இறாத்தல். பிரித்தானியச் சாதனையாக அது பல ஆண்டுகள் நின்றது. ரொட் வளைய வளைய மீனின் வேகத்தை உள்வாங்குகிறது. மிச்சத்தை ரீலின் ட்ராக் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் புதியவரின் காசில் பெரும்பங்கு ரீலுக்குப் போகவேண்டும் என்கிறோம். 4000 அளவு ரீல், 0.30 முதல் 0.35 மில்லிமீற்றர் தங்கூசி 150 மீற்றருக்குக் குறையாமல் கொள்ளும் ஸ்பூல். பெயரையும் பெயரிங் எண்ணிக்கையையும் பிறகு பார்க்கலாம். முதலில் நூலை வளையங்களூடாகக் கோர்த்து, முனையை வில்தராசில் மாட்டி, ரொட்டைச் சாய்த்து மெல்ல இழுக்கவேண்டும். 12 இறாத்தல் நூலுக்கு ஒன்றரைக் கிலோ அளவில் ஸ்பூல் சுழலத் தொடங்கவேண்டும். தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்று சட்டென விடுபட்டால், ரொட்டின் நுனி ஒருமுறை துள்ளும். அந்தத் துள்ளலில்தான் குளக்கரையில் நூல் அறும். கடை மேசையில் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும் குறை இது. விற்பவர் செய்துகாட்ட மறுத்தால் வேறு கடைக்குப் போவது நல்லது.

நீரில் மூழ்கிய பட்ட மரங்களும் தாமரையும் நிறைந்த குளங்களில் விறைப்பு வேண்டாமா என்ற மறுப்புக்கு நியாயம் உண்டு. பழகிய கைக்கு அங்கே கனமான கருவி உதவும். ஆனால் முதல் ரொட் வாங்குபவர் அந்த இடத்தில் தூண்டில் போடவே கூடாது. மரத்துக்குள் ஓடிய மீன் கொக்கியோடும் நூலோடும் அங்கேயே சாகும். வெள்ளவத்தைக் கரையில் ரயில் பாதைக்கு அப்பாலுள்ள பாறைகளில் பாரைக்கு எறியும் ரொட்டையே குளத்துக்கும் கொண்டுபோனால் என்ன என்று கேட்பவர்களும் பலர். 100 முதல் 200 கிராம் என்று பிடிக்கு மேல் அச்சிட்டிருக்கும் அந்தக் கடல் ரொட்டில் ஐந்து கிராம் மிதவையை எறிந்து பார்த்தவருக்கு விடை தெரியும். உப்பு ஏறிய ரீலின் ட்ராக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கித்துள் தடிக்கு நாம் எதிரியல்ல. திலாப்பியாவுக்கு அதைவிட மலிவான, நல்ல கருவி இல்லை. ஐந்து கிலோ கட்லா ஓடும்போது விட்டுக்கொடுக்க அதில் நூல் இல்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அடியில் இருக்கும் விடயத்தை நாம் விடாமல் சொல்லிவருகிறோம். இந்தியப் பெருங்கெண்டைகள் நம் குளங்களில் தாமாகப் பெருகுவதில்லை. தம்புள்ள, உடவளவை, இங்கினியாகல போன்ற நிலையங்களில் குஞ்சு பொரித்து, வளர்த்து, கொண்டுவந்து விடப்படுபவை அவை. பருவகாலக் குளமொன்றில் நீந்தும் ஒவ்வொரு கட்லாவும் அந்தக் கிராமத்து மீனவர் சங்கத்தின் விளைச்சல். மோசமான கருவியால் நூலறுத்துக்கொண்டு, வாயில் கொக்கியோடு போகும் ஒரு மீன் ஒரு குடும்பத்தின் அறுவடையிலிருந்து குறைகிறது. தியவன்னாவில் எத்தனை கத்தி மீன் பிடிபட்டால் என்ன, அதற்காக வாங்கிய ரொட்டுகள் இந்தக் குளங்களில் செய்யும் சேதத்தை யார் கணக்கெடுக்கிறார்கள்? உள்நாட்டு நீர்நிலைகளில் வலையின் கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது என்று விதி இருக்கிறது. தங்கூசி வலை 2006இல் தடைசெய்யப்பட்டது. வலைக்காரரின் கையிலுள்ள ஒவ்வொரு கண்ணையும் அளக்கத் தெரிந்த அரசுக்கு, தூண்டில்காரர் கையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் ஒருநாளும் பொருட்டாக இருந்ததில்லை. அந்நிய மீன் பெருகி, வேறு வழி தெரியாதபோது நம்மைக் கூப்பிடுகிறார்கள். போட்டி முடிந்தால் மறந்துவிடுகிறார்கள்.

சுங்கத்தில் ரொட்டுக்கு 9507.10 என்றும் ரீலுக்கு 9507.30 என்றும் தனித்தனிக் குறியீடு உண்டு. வரி வாங்கும் நேரத்தில் இரண்டையும் பிரித்தறிய அரசால் முடிகிறது. அந்தப் பெட்டி கொட்டாஞ்சேனைக் கடையொன்றின் தட்டில் ஏறியதும், அது எதற்கான ரொட் என்பதைச் சொல்ல ஆளில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருட்களில் என்னென்ன குறிக்கப்பட வேண்டும் என்று பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தைத் தருகிறது. எறியும் எடை, டெஸ்ட் கேர்வ், ரீலின் ட்ராக் தாங்கும் அளவு: இம்மூன்றும் பெட்டியில் இருக்கவேண்டும் என்று ஒரு பணிப்புரை போதும். புதிய சட்டமோ பாராளுமன்ற விவாதமோ தேவையில்லை. மலிவு விலைச் செட்டுகள் சந்தையிலிருந்து மறைந்துவிடும், ஏழை இளைஞனுக்குத் தூண்டில் எட்டாமல் போகும் என்று இறக்குமதியாளர்கள் சொல்லக்கூடும். மூன்று எண்களை அச்சிடும் செலவு அவ்வளவு பெரிதல்ல. இப்போது உண்மையில் காசை இழப்பவன் அந்த இளைஞன்தான். மூன்று மாதத்தில் இரண்டாவது ரொட் வாங்குபவனும் அவனே.

கடற்றொழில் அமைச்சு அடுத்த போட்டியை அறிவிக்கும்போது, எந்த மீனுக்கு எந்தக் கருவி, அதைக் கொண்டு எந்த நீரில் இறங்கக்கூடாது என்பதையும் அதே அறிவித்தலில் சிங்களத்திலும் தமிழிலும் சேர்க்கட்டும். வாசகர்களான வியாபாரிகள் அதுவரை காத்திருக்கவேண்டியதில்லை. வெறும் செட்டாக விற்கும் ஒவ்வொரு ரொட்டின் பிடியிலும் எறியும் எடையை எழுதி ஒட்டுங்கள். மேசையில் ஒரு வில்தராசு வையுங்கள். குளத்துக்குப் போகிறேன் என்பவரிடம், அந்தக் குளத்துச் சங்கத்திடம் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.